மலையடிவாரச் சாலைகளும் மிதிவண்டியும்: ஜொகூர் தமிழ் இளைஞர் மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

ஜொகூர் மாநிலத்தில் மிதிவண்டிப் பயணங்களை ஏற்பாடு செய்யும் தமிழ் இளைஞர் மன்றங்களுக்கும் பள்ளிப் புறப்பாட ஆசிரியர்களுக்கும்,



ஜொகூரில் மலைகள் உண்டு; மலைத்தொடர் என்று சொல்லத்தக்கது இல்லை. மலேசியத் தீபகற்பத்தின் நடுவே வடக்கிலிருந்து இறங்கிவரும் தித்திவங்சா தொடர், நெகிரி செம்பிலானைக் கடப்பதற்குள் தணிந்துவிடுகிறது. அதற்குத் தெற்கே தனித்தனிக் குன்றங்களே எழுகின்றன. தங்காக் மாவட்டத்தின் லேடாங் மலை 1,276 மீட்டர் உயரம் கொண்டது. மாநிலத்தில் இதுவே உயரமானது. குளுவாங்குக்குக் கிழக்கே பெலுமுட் 1,010 மீட்டர். குளுவாங் நகரை ஒட்டிய லம்பாக் 510 மீட்டர். கூலாய்க்கும் பொந்தியானுக்கும் இடையே பூலாய் 654 மீட்டர். கோத்தா திங்கி பக்கம் மூந்தாஹாக்கும் பந்தியும் நிற்கின்றன. இவற்றுக்கு இடைப்பட்ட நிலம் தாழ்வானது, மேடும் பள்ளமுமாக அலைந்து கிடப்பது. கேமரன் மலைச் சாலையைப்போலப் பல கிலோமீட்டர் விடாமல் ஏறும் பாதை இங்கே கிடையாது. ஐந்து நிமிடம் ஏற்றம், இரண்டு நிமிடம் இறக்கம், மறுபடியும் ஏற்றம் என்பதே ஜொகூர் அடிவாரச் சாலையின் இயல்பு.

இந்த நில அமைப்பைப் புரிந்துகொண்டால் பயணப் பாதை தானே தெளிவாகும். மூவார், பத்து பகாட், பொந்தியான் ஆகிய மேற்குக் கடலோரப் பகுதிகள் சதுப்பும் களிமண்ணுமான சமவெளி. அங்கே வாய்க்கால் வெட்டி நீரை வடித்த பிறகே தென்னையும் அன்னாசியும் பயிராயின. கிழக்கே எண்டாவ் ரொம்பின் காடு. இவ்விரண்டுக்கும் நடுவில், நீர் தேங்காமல் வடியும் சரிவு நிலமாக மலையடிவாரம் நீள்கிறது. ரப்பர் மரத்துக்கு வேரில் நீர் நிற்கக் கூடாது. தண்டவாளத்துக்கு உறுதியான தரை வேண்டும். இரண்டும் இந்தப் பட்டையையே நாடின. கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை ஜொகூர் இரயில்பாதை 1909-இல் திறக்கப்பட்டது. செகாமட், லாபிஸ், பெக்கோக், பாலோ, குளுவாங், ரெங்கம், லாயாங் லாயாங், கூலாய் என அதன் நிலையங்களைச் சுற்றித் தோட்டங்கள் எழுந்தன; தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளர்கள் வந்து சேர்ந்தனர். ஜொகூரில் மிதிவண்டிப் பயணத்துக்கு ஏற்ற பாதையையும் தமிழர் குடியேறிய பாதையையும் வரைபடத்தில் குறித்தால் இரண்டும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். மன்றங்கள் தங்கள் பயணங்களை இந்தப் பட்டையில் அமைத்துக்கொள்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

மிதிவண்டிக்கும் இந்தத் தோட்டங்களுக்கும் உள்ள உறவு இன்னும் பழையது. பிரேசிலில் சேகரித்த ரப்பர் விதைகள் 1876-இல் இலண்டன் கியூ தோட்டத்தை அடைந்து, அங்கே முளைத்த கன்றுகள் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்தன. ஆனால் அடுத்த பல ஆண்டுகளுக்கு அவற்றைப் பயிரிட முன்வந்தவர் குறைவு. 1888-இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார்; அது முதலில் ஓடியது மிதிவண்டியில்தான். 1890-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவிய மிதிவண்டி மோகம் ரப்பருக்குப் புதிய சந்தையை உண்டாக்கியது; கார் அதைப் பன்மடங்காக்கியது. சீன வணிகரான தான் சாய் யான் 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தை நட்டார். அடுத்து 1898 முதல் அவர் விரிவாக நட்ட இடம் புக்கிட் அசஹான். அது லேடாங் மலையின் மலாக்கா பக்க அடிவாரம். தோட்டங்கள் ஜொகூர் பக்கம் பெருகியபோது ஆள்பற்றாக்குறையைத் தீர்க்க, கங்காணி வழியே ஆள் திரட்டும் முறை கைகொடுத்தது. 1907-இல் குடியேற்ற நிதி ஒன்று அமைக்கப்பட்டு, தமிழ்நாட்டிலிருந்து வருவோரின் கப்பல் செலவை முதலாளிகள் பொதுவில் ஏற்றனர். 1938-இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை இந்த வரத்து தொடர்ந்தது.

ரப்பருக்குச் சந்தை தேடித்தந்த அந்த மிதிவண்டி பின்னர் தோட்டத்துக்குள்ளும் வந்தது. பால்வெட்டுக்குப் போகவும், டிவிஷனுக்கு டிவிஷன் செய்தி கொண்டுசெல்லவும், பிள்ளைகளைத் தோட்டப் பள்ளியில் விடவும் அதுவே வாகனம். லயன் வீடுகளுக்கு ரொட்டியும் துணியும் நாளிதழும் மிதிவண்டியிலேயே வந்தன. ஒரு டிவிஷனிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் செம்மண் தடங்கள் அந்தக் காலத்து மிதிவண்டிப் பாதைகளே. அவற்றில் பல இன்று செம்பனைத் தோட்டச் சாலைகளாகத் தொடர்கின்றன.

இதே சாலைகள் ஒரு படையெடுப்பையும் சுமந்திருக்கின்றன. 1941 டிசம்பர் 8 அன்று தாய்லாந்தின் தென்கரையிலும் கோத்தா பாருவிலும் இறங்கிய ஜப்பானியப் படையின் காலாட்கள் மிதிவண்டிகளில் தெற்கே விரைந்தனர். பாலங்கள் தகர்க்கப்பட்டிருந்த இடங்களில் வண்டியைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தனர். டயர் வெடித்தால் வெறும் சக்கர விளிம்பிலேயே ஓட்டினர். தோட்டங்களுக்காகப் போடப்பட்ட நல்ல சாலைகளே அவர்களுக்கு வழி கொடுத்தன. 1942 ஜனவரி 14 அன்று கெமாஸ் அருகே கெமெஞ்சே ஆற்றுப் பாலத்தில் ஆஸ்திரேலியப் படை பதுங்கியிருந்து, மிதிவண்டி அணியின் முன்பகுதி கடந்த பிறகு பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தது. மறுநாளிலிருந்து ஒரு வாரம் மூவார், பாக்ரி, பாரிட் சுலோங் வழியே நடந்த போரில் 45-ஆவது இந்தியப் படைப்பிரிவு சிதைந்தது. பாரிட் சுலோங்கில் பிடிபட்ட காயமுற்ற ஆஸ்திரேலிய, இந்திய வீரர்கள் கொல்லப்பட்டனர். ஜனவரி 31 அன்று கடைசிப் படையினர் ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குள் பின்வாங்கினர். மூவாரிலிருந்து யோங் பெங் செல்லும் கூட்டரசு சாலை 24-இல் போகும் எந்தக் குழுவும் இந்தப் போர்க்களத்தின் ஊடாகவே போகிறது.

பயணத்துக்கு ஏற்ற அடிவாரப் பகுதிகளை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது லேடாங் அடிவாரம். மூவாரிலிருந்து தங்காக், சாகில், ஜெமெந்தா வழியாகச் செகாமட் வரை கூட்டரசு சாலை 23 செல்கிறது. தங்காக்கிலிருந்து செகாமட் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். காலையில் தொடங்கும் குழு வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடக்கூடிய தொலைவு. துணிக்கடைகளுக்குப் பெயர்பெற்ற தங்காக்கை விட்டதும் மலை இடப்பக்கம் எழத் தொடங்கி, சாகிலில் மிக நெருங்குகிறது. அருவிக்கும் மலையேற்றப் பாதைக்கும் நுழைவாயில் அங்கேதான். மலையேற அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயம். மிதிப்பதையும் ஏறுவதையும் ஒரே நாளில் சேர்க்கக் கூடாது. ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் 1854-இல் மலாக்காவிலிருந்து வந்து இந்த மலையில் ஏறினார்; அப்போது ஐரோப்பியர் இதை ஓஃபிர் மலை என்று அழைத்தனர். அவர் கண்ட அடர்காட்டின் கீழ்ப்பகுதி பின்னர் ரப்பராகி, அதிலும் பெரும்பகுதி செம்பனையாகிவிட்டது.

இரண்டாவது செகாமட், லாபிஸ், பெக்கோக் பள்ளத்தாக்குப் பகுதி. செகாமட்டிலிருந்து லாபிஸ், சாஆ, யோங் பெங் வழியாகத் தெற்கே செல்வது கூட்டரசு சாலை 1. இது பழைய நெடுஞ்சாலையாதலால் லாரிப் போக்குவரத்து கூடுதல். சாஆவிலிருந்து கிழக்கே பிரிந்து பெக்கோக் செல்லும் சாலையோ அமைதியானது, இருபுறமும் தோட்டங்கள். பெக்கோக்குக்கு அப்பால் சுங்கை பந்தாங் அருவியும், எண்டாவ் ரொம்பின் தேசியப் பூங்காவின் செலாய் நுழைவாயிலும் உள்ளன. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் இந்தக் காட்டோரங்கள் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களின் புகலிடமாக இருந்தன. தோட்ட மக்கள் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டு, அரிசிகூட அளந்தே கொடுக்கப்பட்டது. 1964 செப்டம்பர் 2 அன்று, மலேசிய-இந்தோனேசிய மோதல் காலத்தில், இந்தோனேசிய வான்குடை வீரர்கள் லாபிஸ் பகுதியில் குதித்ததும் இதே நிலப்பரப்பில்தான்.

மூன்றாவது குளுவாங் பகுதி. புதியவர்களுக்கு மிகவும் ஏற்றது இதுவே. நகரத்தை மையமாக வைத்து லம்பாக் அடிவாரம், ரெங்கம், லாயாங் லாயாங், பாலோ எனத் தினம் ஒரு திசையில் போய்த் திரும்பலாம். சுமை தூக்க வேண்டியதில்லை. 1938 முதல் இயங்கும் குளுவாங் இரயில் நிலையக் கோப்பிக் கடை, குழுக்கள் கூடிப் புறப்பட வசதியான இடம். 2025-இல் மின்தொடர்வண்டிச் சேவை செகாமட்டுக்கும் பிறகு குளுவாங்குக்கும் நீண்டிருப்பதால் வடக்கிலிருந்து வருவோருக்கும் எளிது. தொடர்வண்டியில் மிதிவண்டியை ஏற்றும் விதிகளை மட்டும் பயணச்சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். குளுவாங்கிலிருந்து கூட்டரசு சாலை 50-இல் காஹாங் வழியாக ஜெமாலுவாங் போய், அங்கிருந்து மெர்சிங் செல்லும் சாலை அனுபவசாலிகளுக்கு உரியது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் நீளும் இந்தச் சாலையில் கடைகள் அரிது. காஹாங்குக்குப் பிறகு காட்டு யானைகள் சாலையைக் கடக்கும் பகுதிகள் வருகின்றன.

நான்காவது தென்பகுதி. கோத்தா திங்கியிலிருந்து மூந்தாஹாக் அடிவாரத்தின் லொம்போங் அருவிக்குச் சென்று திரும்புவது அரைநாள் பயணம். கூட்டரசு சாலை 3-இல் வடக்கே போனால் பந்திக் காடு; பறவை நோக்குவோர் தேடிவரும் இடம். கூலாய்க்கு மேற்கே பூலாய் மலையின் நீர்த்தேக்கங்களிலிருந்து, 1927-இல் சுல்தான் இப்ராஹிம் ஆட்சியில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி சிங்கப்பூருக்குத் தண்ணீர் போனது. அந்த ஏற்பாடு, பின்னர் வந்த ஒப்பந்தத்தின்கீழ் தொடர்ந்து, 2011-இல் முடிவுக்கு வந்தது.

இந்தப் பகுதிகள் எல்லாவற்றிலும் பயணத்தைத் தீர்மானிப்பது மலையின் உயரம் அன்று. வெயிலும் மழையும் லாரியும்தான். முதலில் வெயில். தீபகற்பத்தின் கடிகாரம் 1982 ஜனவரி 1 முதல் அரைமணி நேரம் முன்தள்ளப்பட்டதால், ஜொகூரில் சூரியன் காலை 7 மணியை ஒட்டியே உதிக்கிறது; உச்சிப்பொழுது பகல் 1 மணியை ஒட்டியே வருகிறது. விடிந்ததும் புறப்பட்டால் 11 மணிக்குள் நான்கு மணிநேரம் மிதிக்கலாம். சராசரிக் குழு மணிக்கு 15 கிலோமீட்டர் போகும் என்றால், ஒரு நாளைக்கு 60 கிலோமீட்டரே நியாயமான அளவு. காற்றில் ஈரப்பதம் மிகுதி என்பதால் வியர்வை எளிதில் உலராது, உடலும் குளிராது. மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீரும் அத்துடன் உப்பும் தேவை. தலைசுற்றல், குமட்டல், வியர்வை நின்றுபோதல் ஆகியவை வெப்பத்தாக்கின் அடையாளங்கள். அவற்றில் ஒன்று தென்பட்டாலும் அந்த ஓட்டியை நிழலில் கிடத்தி, உடலை நனைத்துக் குளிரவைத்து, 999-ஐ அழைக்க வேண்டும். அன்றைய பயணம் அவருக்கு அத்துடன் முடிந்தது.

அடுத்தது மழை. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் செகாமட்டும் அடுத்தடுத்து மூழ்கின. 2023 மார்ச்சில் செகாமட், பத்து பகாட், யோங் பெங் பகுதிகளில் பல்லாயிரம் பேர் வீடுகளை விட்டு வெளியேறினர். 2001 டிசம்பர் 27 அன்று நிலநடுக்கோட்டுக்கு மிக அருகே, அரிதினும் அரிதாக உருவான வாமேய் புயல் ஜொகூரில் கரைகடந்தது. அது கொட்டிய மழையில் பூலாய் மலைச்சரிவு சேறும் பாறையுமாகச் சரிந்து உயிர்களைப் பறித்தது. எனவே பல நாள் பயணங்களை மே முதல் செப்டம்பர் வரை வைத்துக்கொள்வது நல்லது. அந்த மாதங்களிலும் பிற்பகல் இடிமழை வரும். அருவியின் மேல்பகுதியில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே கெப்பாலா ஆயர் என்னும் திடீர் வெள்ளம் பாயும். தண்ணீர் கலங்கினாலோ சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ உடனே கரையேற வேண்டும். நீரில் மூழ்கிய சாலையை, ஆழம் முழங்காலளவே ஆனாலும், கடக்கக் கூடாது.

மூன்றாவது லாரி. அடிவாரச் சாலைகளில் செம்பனைக் குலை லாரிகளும் மர லாரிகளும் ஓயாமல் ஓடுகின்றன. பல இடங்களில் சாலையோர விளிம்பு குறுகலானது, வளைவுகள் மறைவானவை. வடக்கு-தெற்கு விரைவுச்சாலையில் மிதிவண்டிக்கு இடமில்லை. கூட்டரசு, மாநிலச் சாலைகளையே நம்ப வேண்டும். ஒரு குழுவில் எட்டுப் பேருக்கு மேல் கூடாது. அதற்கு மேல் இருந்தால் இரண்டாகப் பிரித்து, லாரி இடையில் புகுந்து போகுமளவு இடைவெளி விட வேண்டும். பகலிலும் பின்விளக்கு எரியட்டும். இருட்டிய பிறகு சாலையில் இருக்கவே கூடாது. 2017 பிப்ரவரி 18 அன்று அதிகாலை, ஜொகூர் பாருவில் மாற்றியமைத்த மிதிவண்டிகளில் சாலையில் இருந்த எட்டுப் பதின்ம வயதினர் கார் மோதி உயிரிழந்தனர். விளக்கும் பிரேக்கும் இல்லாத வண்டியை எந்த மன்றமும் வரிசையில் சேர்க்கக் கூடாது என்பதற்கு அந்த ஒரு நிகழ்வு போதும்.

வண்டியைப் பொறுத்தவரை விலையைவிடப் பொருத்தமே முக்கியம். தார்ச்சாலையும் செம்மண்ணும் கலந்த பாதைக்கு 32 முதல் 40 மில்லிமீட்டர் அகல டயர் ஏற்றது. மேடுகள் அடிக்கடி வருவதால் எளிதாக மிதிக்கவல்ல தாழ்ந்த கியர் வேண்டும். செம்பனை மட்டையின் முள் டியூபைத் துளைக்கும். ஆகவே ஒவ்வோர் ஓட்டியிடமும் மாற்று டியூப் ஒன்று, டயர் கழற்றும் நெம்பி, காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டும் பொருள்கள் இருக்கட்டும். புறப்படும் முன் பிரேக் கட்டைகளைப் பார்க்க வேண்டும். ஈரத்தில் அவை விரைவாகத் தேயும். மழைக்குப் பின் செம்மண் சாலை வழுக்கும், சேறு சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டியை நிறுத்திவிடும். அப்போது தார்ச்சாலைக்குத் திரும்புவதே அறிவு. தலைக்கவசம் எல்லாருக்கும் கட்டாயமாக இருக்க வேண்டும்.

தோட்டச் சாலைகள் பொதுச்சாலைகள் அல்ல. பெரும்பாலானவை நிறுவனங்களின் சொத்து. நுழைவாயிலில் ஜாகா எனப்படும் காவலர் இருப்பார். தோட்ட அலுவலகத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, நாளும் நேரமும் ஆள்கணக்கும் தெரிவித்து அனுமதி பெற வேண்டும். மருந்து தெளிக்கும் நாள்களிலும் குலை ஏற்றும் நேரங்களிலும் உள்ளே போகக் கூடாது. எண்டாவ் ரொம்பின், லேடாங் பூங்காக்களுக்கு ஜொகூர் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். செலாய், பெத்தா நுழைவாயில்கள் ஓராங் அஸ்லி பழங்குடி மக்களின் வாழ்விடங்களை ஒட்டியவை. அவர்களைப் படமெடுப்பதற்கு முன் கேட்பது மரியாதை. யானை கண்ணில் பட்டால் மணியடிக்காமல், விளக்கைப் பாய்ச்சாமல், வந்த வழியே விலகிக் காத்திருக்க வேண்டும். தோட்ட நாய்கள் துரத்தினால் வேகமாக மிதிப்பதைவிட இறங்கி, வண்டியை நடுவில் நிறுத்தி நிற்பது பலன் தரும்.

இந்தப் பாதைகளில் மன்றங்கள் செய்யக்கூடிய வேறொரு பணியும் உண்டு. ரப்பர் செம்பனையாக மாறியதாலும், தோட்டங்கள் துண்டாடப்பட்டதாலும், அயல்நாட்டுத் தொழிலாளர்கள் வந்ததாலும் தமிழ்க் குடும்பங்கள் நகரங்களுக்கு நகர்ந்துவிட்டன. லயன் வீடுகள் இடிந்த இடங்களில் மாரியம்மன், முனியாண்டி கோயில்கள் மட்டும் தனித்து நிற்கின்றன. சில தோட்டப் பள்ளிகள் மாணவர் குறைந்து வேறிடம் பெயர்ந்தன. காரில் போவோர் கண்ணுக்கு இவை படுவதில்லை. மணிக்கு 15 கிலோமீட்டரில் போகும் குழுவோ ஒவ்வொரு கோயிலின் பெயரையும், கல்வெட்டில் உள்ள ஆண்டையும், தோட்டத்தின் பழைய பெயரையும், டிவிஷன் எண்ணையும் குறித்துக்கொள்ள முடியும். அங்கே இன்னும் வாழும் முதியோரிடம் இசைவு பெற்று, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யலாம். கோயில் மண்டபத்தில் இளைப்பாற இடம் கேட்கும்போது நிருவாகத்திடம் முதலில் பேசுவதும், போகும்போது குப்பையை எடுத்துச் செல்வதும் அடுத்து வரும் குழுவுக்கும் கதவு திறந்திருக்கச் செய்யும்.

பயணங்களை எளியதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்துவது நலம். முதலில் குளுவாங் சுற்றுவட்டாரத்தில் 30 கிலோமீட்டர் ஒருநாள் பயணம்; அடுத்து தங்காக்கிலிருந்து செகாமட்; அதன்பின் செகாமட், லாபிஸ், பெக்கோக் இரண்டு நாள் பயணம்; மெர்சிங் சாலை கடைசியில். ஒவ்வொரு பயணத்துக்கும் வழியறிந்த ஒருவர் முன்னே, பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவர் கடைசியில், முதலுதவி பயின்ற ஒருவர் நடுவே என மூவரை முன்கூட்டியே நியமிக்க வேண்டும். பாதை, நேரம், பெயர்ப்பட்டியல் ஆகியவற்றின் நகல் வீட்டில் இருக்கும் ஒருவரிடம் இருக்க வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோருக்குப் பெற்றோரின் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். வெள்ள எச்சரிக்கையோ உடல்நலக் குறைவோ வந்தால் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதையும் புறப்படுவதற்கு முந்தைய நாளே முடிவு செய்து, எல்லாருக்கும் அறிவித்துவிட வேண்டும்.